உங்க ஷூ எந்த ஆத்துத் தண்ணி குடிச்சுது?

மார்கழி வந்தாச்சு. காலையில பைக் சீட்டுல இருக்கிற பனியைத் துடைச்சுட்டுத்தான் காலேஜுக்குக் கிளம்ப வேண்டியிருக்கு. கிளாஸ்ல பாதிப் பேர் கொடைக்கானலுக்கு ஐ.வி. போற கனவுல இருக்காங்க. மீதிப் பேருக்கு கேம்பஸ் இன்டர்வியூ டென்ஷன். சீனியர் ஒருத்தர் ஜனவரியில கனடாவுக்குப் பறக்கப் போறார். மூணு கோஷ்டிக்கும் பொதுவா ஒரே கவலைதான்... 'கால்ல போட உருப்படியா ஒரு ஷூ இல்லையே மச்சி!'

உடனே என்ன பண்ணுவோம்? கடைக்குப் போவோம். கலர் பார்ப்போம், பிராண்ட் பார்ப்போம், கடைசியா விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். சைஸ் சரியா இருந்தா பில் போட்டுடுவோம். இந்த ஷூ எங்கே பிறந்தது, யார் தைச்சது, இதுக்காக எந்த ஊர்க் கிணறு கெட்டதுன்னு மட்டும் கேட்கவே மாட்டோம். இந்தத் தடவை கேட்டுத்தான் பார்ப்போமே! அதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு சின்ன டிரிப் அடிச்சுட்டு வந்துடலாம், வாங்க.

மூணு ஆறு... ஒரு ஊர்!

காஞ்சிபுரத்துலேர்ந்து செங்கல்பட்டு போற ரோட்டுல, வாலாஜாபாத் தாண்டினா பழையசீவரம். அங்கே பாலாற்றுப் பாலத்தைக் கடந்தா அக்கரையில திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். அதனாலதான் இந்தப் பேர். கரையிலேயே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து இங்கேயும் வருவார். ஜனம் அலைமோதும். அன்னிக்குக் கோயில் வாசல்ல குவிஞ்சு கிடக்கிற செருப்புகளைக் கொஞ்சம் நின்னு பாருங்க. ரப்பர், ரெக்சின், லெதர், ஸ்போர்ட்ஸ் ஷூன்னு ஒரு மினி ஷோரூமே இருக்கும்.

அந்தக் குவியலுக்கும் பக்கத்துல இருக்கிற ஆத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. பாலாறு இங்கே வர்றதுக்கு முன்னாடி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு வரிசையா தோல் ஊர்களைத் தாண்டித்தான் வருது. செய்யாறு பக்கம் போனா, அந்த ஆத்தோட பேரையே வெச்சிருக்கிற ஊருக்குப் பக்கத்து சிப்காட்ல, தைவானின் ஃபெங் டே குழுமத்தோட ஆலையில நைக்கி ஷூக்கள் தயாராகுது. அங்கே வேலை செய்றவங்க பெரும்பாலும் சுற்றுவட்டார கிராமத்துப் பெண்கள். மூணாவதா வர்ற வேகவதி மட்டும் பட்டு ஊரான காஞ்சிபுரத்தைத் தொட்டுட்டு வருது. ஆக, இங்கே கூடுற மூணு ஆத்துல ரெண்டு ஆத்துக்கு ஷூ கதை தெரியும்!

குளிர் அங்கே... கழிவு இங்கே!

ஐரோப்பாவுல பனி கொட்டும்போது அந்த ஊர்க்காரங்க மாட்டிக்கிற லெதர் ஷூவும் பூட்ஸும் நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துலேர்ந்தும் போகுது. இதுல நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. லட்சக்கணக்கான வீட்டுல அடுப்பு எரியுறது இந்தத் தொழிலாலதான். ஆனா, பில்லுல வராத ஒரு செலவும் இருக்கு.

பச்சைத் தோல் அழுகிடாம இருக்க முதல்ல உப்பு போடுவாங்க. முடியை எடுக்கச் சுண்ணாம்பு. அப்புறம் பதனிட குரோமிய உப்பு. குரோமியம் போட்டா ஒரு நாள், ரெண்டு நாள்லயே தோல் பதமாகிடும். மிருதுவா, எந்தக் கலருக்கும் ஒத்துவர்ற மாதிரி இருக்கும். அதனாலதான் உலகம் முழுக்க இந்த முறைக்கு மவுசு. ஆனா உப்பும் குரோமியமும் கலந்த கழிவுத் தண்ணி எங்கே போகும்? பல வருஷம் அது நிலத்துக்கும், ஓடைக்கும், பாலாத்துக்கும்தான் போச்சு.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அதுல இருக்கிற கணக்கைப் படிச்சா தலை சுத்தும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள். தோல் ஆலைகள் இருக்கிற பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமப் போயிடுச்சு. 'மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்துல அழுத்தமா பதிஞ்சது இந்த வழக்காலதான். உலகம் முழுக்க சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிற வழக்கு இது. அதுக்குப் பின்னால இருக்கிறது நம்ம பாலாத்தங்கரை விவசாயிங்க கண்ணீர்!

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறுச்சு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துச்சு. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாதுங்கிற முறையும் வந்துச்சு. ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து ஆலையில தூங்கிக்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றுல சிக்கி இறந்தாங்க. அதே ராணிப்பேட்டையில, 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல மலையா குவிஞ்சு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு விஷயத்தைக் கையில் எடுத்து, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு தரணும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில கண்காணிப்புக் குழு அமைக்கணும்னு உத்தரவு போட்டது. 1991-ல் தொடங்கின வழக்கு... 2025-லயும் பேச்சு முடியலை!

'கையால தைச்சது'ன்னா யார் கை?

ஷோரூம்ல 'ஹேண்ட் ஸ்டிச்சுடு'னு எழுதியிருந்தா நமக்கு ஒரு கெத்து. அந்தக் கை பல நேரம் ஆம்பூர் பக்கத்துல ஒரு வீட்டுத் திண்ணையில இருக்கு. லோஃபர் மாதிரி ஷூக்களோட மேல்பாகத்தை வீட்டுக்கே எடுத்துட்டு வந்து, தடிமனான ஊசியால தைச்சுக் கொடுக்கிறாங்க பெண்கள். நாள் கணக்கு கிடையாது, ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. 2016-ல் சிவிடெப் இந்தியாவும் இங்கிலாந்து அமைப்புகளும் சேர்ந்து இந்தப் பெண்களைப் பத்தி 'ஸ்டிச்சிங் அவர் ஷூஸ்'னு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. வெளிநாட்டுல பல ஆயிரம் ரூபாய்க்கு விக்கிற ஷூவுல, தைச்சவங்களுக்குக் கிடைக்கிறது ஜோடிக்குச் சில ரூபாய். விரல் குத்து, முதுகு வலி, கண் எரிச்சல் எல்லாம் இலவச இணைப்பு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பேச்சுக்கே இடமில்லை.

ஸோ, நல்ல ஷூன்னா ரெண்டு கேள்வி கேட்கணும். எந்தத் தண்ணியைக் குடிச்சது? எந்தக் கை தைச்சது?

கடுக்காய் கொடுத்த ஐடியா!

திருமுக்கூடல் கோயில் சுவர்ல ஒரு நீளமான கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலத்தது, 1060-களைச் சேர்ந்தது. இங்கே வேதம் படிக்கிற மாணவர்களுக்கு விடுதி இருந்ததையும், 15 படுக்கையோட ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி இருந்ததையும் அது சொல்லுது. அங்கே இருப்பு வெச்ச மருந்துப் பட்டியல்ல 'ஹரீதகி'ங்கிற பேர் திரும்பத் திரும்ப வரும். வேற ஒண்ணுமில்லை, நம்ம கடுக்காய்!

அதே கடுக்காய்தான் தோல் பதனிடவும் உதவுது. குரோமியம் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். 'ஈ.ஐ. லெதர்'ங்கிற பேர்ல அந்த முறைக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. ஒரே குறை, வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஆனா குரோமியம் கிடையாது. கோலாப்பூரி செருப்பும் இப்படிப் பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான். 2025-ல் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலன் ஃபேஷன் ஷோவுல அதே மாதிரி செருப்பைக் காட்டி, ஊர் பேரைச் சொல்லாம விட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: தாவரப் பதனீடும் தண்ணியும் உப்பும் இழுக்கிற வேலைதான். 'இயற்கை'ன்னு லேபிள் ஒட்டினதாலயே எல்லாம் புனிதமாகிடாது. அப்புறம், கோலாப்பூரியை ஐப்பசி மழையில போட்டா அதுவே அழுதுடும்!

'நான் லெதரே போட மாட்டேன் பாஸ், வீகன்!'

சூப்பர். மாட்டுக்கு நல்லது. ஆனா 'வீகன் லெதர்'னு விக்கிறதுல பெரும்பாலானது பி.யூ. அல்லது பி.வி.சி. நாம சின்ன வயசுலேர்ந்து ரெக்சின்னு கூப்பிட்டது இதையேதான். பிளாஸ்டிக் மட்காது, காத்தும் போகாது. இன்னொரு ரகசியம்... நம்ம ஊர் ஈரக்காத்துல பி.யூ. சோல் போடாம வெச்சிருந்தாலும் தானா உடையும். அக்கா கல்யாணத்துக்குன்னு பாக்ஸ்ல பத்திரமா வெச்ச ஷூ, மண்டப வாசல்ல பிஸ்கட் மாதிரி உதிர்ந்தா அதுக்குக் காரணம் இதுதான். கேன்வாஸ் மேல்பாகமும் ரப்பர் சோலும் உள்ள ஷூ, மழைக்கும் பட்ஜெட்டுக்கும் ஒத்துவர்ற நடுவழி. டயர் சோல் செருப்பைக் கிண்டல் பண்ணாதீங்க. மறுசுழற்சிங்கிற வார்த்தை நம்ம காதுல விழுறதுக்கு முன்னாடியே அது தெருவுல நடந்துக்கிட்டிருந்தது.

பில் போடும் முன்...

* ஷூவுக்குள்ளேயோ அடியிலேயோ இருக்கிற படத்தைப் பாருங்க. விரிச்ச தோல் மாதிரி படம்னா லெதர். குறுக்கும் நெடுக்குமா பின்னின படம்னா துணி. வெறும் டைமண்ட் படம்னா ரப்பர், ரெக்சின் மாதிரி வேற பொருள். ஐரோப்பாவுக்குப் போற ஷூக்களுக்கு இது கட்டாயம்; எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகள்லயும் கண்ணுல படும்.

* சோல் தைச்சிருக்கா, ஒட்டியிருக்கான்னு கேளுங்க. தைச்ச சோலை மாத்த முடியும்.

* 'லெதர் ஒர்க்கிங் குரூப்' சான்றிதழ் முக்கியமா தோல் ஆலையோட சுற்றுச்சூழல் நடைமுறைக்கானது. தைச்சவங்க கூலிக்கு அது கேரண்டி இல்லை.

* கணக்கு போடுங்க. 600 ரூபாய் ஷூ ஆறு மாசம் வந்தா, மாசம் 100 ரூபாய். 1,800 ரூபாய் ஷூவை 300 ரூபாய் ரிப்பேரோட மூணு வருஷம் ஓட்டினா, மாசம் 60 ரூபாய்கூட ஆகாது.

* பிராண்டுக்கு ஒரு மெயில் தட்டுங்க: 'இந்தத் தோல் எந்த ஆலையில பதனிட்டது? தைச்சது யார்?' பதில் வரலைன்னா, அதுவும் ஒரு பதில்தான்.

* மழையில நனைஞ்ச லெதரை வெயில்ல காய வைக்காதீங்க. உள்ளே நியூஸ்பேப்பரைத் திணிச்சு நிழல்ல வைங்க. ரெண்டு ஜோடி இருந்தா மாத்தி மாத்திப் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்.

கனடா போற சீனியருக்கு ஒரு வார்த்தை: இங்கேயே ஸ்டைலா ஒரு பூட்ஸ் வாங்கிட்டுப் போயிடாதீங்க. பனியில வழுக்காத சோல், தண்ணி புகாத மேல்பாகம், கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரலை அசைக்க இடம் - இந்த மூணும் வேணும். அந்தக் குளிரைப் பார்த்து, அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குறதுதான் சரி. செகண்ட் ஹேண்ட் கடையில நல்லது கிடைச்சா பர்ஸுக்கும் பூமிக்கும் லாபம். புரட்டிப் பாருங்க, 'மேட் இன் இந்தியா'ன்னு இருந்தாலும் இருக்கும்!

பஸ் ஸ்டாண்ட் அண்ணன்

கடைசியா ஒண்ணு. பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்கிற தையல்கார அண்ணனைத் தினமும் தாண்டித்தான் போறோம். ஷோரூம்ல மூவாயிரத்தை மூச்சு விடாமக் கொடுக்கிற நாம, அவர்கிட்ட இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். சில பேர் 'டேய்'னுகூட கூப்பிடுவாங்க. தோலைத் தொட்டு வேலை செய்றவங்களை ஒரு சாதியா ஒதுக்கி வெச்ச ஊர் இது. சில கிராமத்துல, சில தெருவுல, சில பேர் செருப்பே போட்டு நடக்கக் கூடாதுன்னு தடுத்த ஊரும் இதுதான். நாம கால்ல மாட்டுற பொருளுக்குப் பின்னால இவ்வளவு அவமானத்தைத் தாங்கின மனுஷங்க இருக்காங்க. 'அண்ணே'ன்னு கூப்பிட்டு, அவர் கேட்கிற கூலியைக் கொடுக்கிறதுலேர்ந்துதான் நியாயமான ஷூவே ஆரம்பிக்குது.

அப்படிப் பார்த்தா, உலகத்திலேயே நல்ல ஷூ கடையில இல்லை. உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில, ஓரத்துல வாயைப் பிளந்துக்கிட்டு கிடக்கே, அதுதான்! அது குடிச்ச தண்ணி குடிச்சதுதான். இன்னொரு தடவை ஒரு ஆறு அதுக்காகக் கெடப் போறதில்லை. தூசி தட்டி எடுத்துட்டுப் போய் அண்ணன்கிட்ட நாலு தையல் போடுங்க, பாலிஷ் அடிங்க. இன்டர்வியூவுல ஹெச்.ஆர். உங்க கண்ணைப் பார்ப்பார், அப்புறம்தான் காலைப் பார்ப்பார்.

புதுசு வாங்கியே ஆகணும்னா வாங்குங்க, தப்பில்லை. ஆனா வாங்கினதைத் தேயத் தேயப் போடுங்க. அடுத்த மாட்டுப் பொங்கலுக்குத் திருமுக்கூடல் போனா, கோயில் வாசல்ல அதைக் கழட்டி விட்டுட்டு ஆத்துப் பக்கம் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்க. 'உன் கடனைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன்'னு சொல்ற தைரியம் இருந்தா போதும்!