கையெழுத்து உங்களுடையது என்றால் கணக்கும் உங்களுடையதே

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பேட்ச் அனுப்பினால், கமிட் செய்தியின் அடியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். 2003இல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் கலந்துவிட்டதாகச் சொல்லி ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யார் கையிலிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. 2004இல் இந்த வரி வந்தது அதனால்தான். நிரல் நீங்கள் எழுதியது, இல்லையேல் அதைத் திறமூல உரிமத்தில் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று அதில் நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள்.

ஏஐ கருவியால் அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. கெர்னல் விதியும் அப்படித்தான்: கருவி அந்த வரியைச் சேர்க்கக் கூடாது, மனிதர் நிரலைப் படித்து, உரிமம் பொருந்துகிறதா என்று பார்த்து, முழுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். கருவியின் உதவியைச் சொல்ல ‘அசிஸ்டட்-பை’ என்று தனி வரி உண்டு. ஃபெடோரா லினக்ஸ் திட்டம் 2025 அக்டோபரில் ஏற்ற கொள்கையும் இந்த வரியையே பரிந்துரைக்கிறது. எழுத்துப்பிழை திருத்தியதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

கருவியின் பெயரோடு நிற்காமல் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: ‘பஃபர் நீளத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனின் முதல் வடிவம் ஏஐ தந்தது. எல்லை மீறும் இடத்தை நான் திருத்தினேன். டெஸ்ட்கள் நான் எழுதியவை.’ எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பராமரிப்பாளருக்கு உடனே தெரிந்துவிடும். அவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். ஏஐ எழுதித் தள்ளிய பொய்யான பிழை அறிக்கைகள் குவிந்ததால், கர்ல் திட்டம் 2026 ஜனவரியோடு பிழை கண்டறிவோருக்கான தன் பரிசுத் திட்டத்தையே மூடியது.

ஆனால் எல்லா வாசலும் திறந்திருக்காது. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் ஏஐ உதவியோடு எழுதிய பங்களிப்புகளுக்குத் தடை போட்டது. நெட்பிஎஸ்டியில் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். பங்களிப்பு விதிகளைப் படிக்காமல் அனுப்பினால் உழைப்பு வீண். மறுக்கும் உரிமை அந்தத் திட்டங்களுக்கு முழுதாக உண்டு.

சட்டச் சிக்கலும் உண்மையானது. பயிற்சியில் பார்த்த ஜிபிஎல் உரிம நிரலை மாடல் அப்படியே கக்கினால், அது எம்ஐடி உரிமத் திட்டத்துக்குள் நுழைந்து, ஜிபிஎல் நிபந்தனைகள் மீறப்படலாம். இன்னொரு பக்கம், வெறும் பிராம்ப்ட் கொடுத்து வாங்கியதற்குப் பதிப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. உங்களுக்கே உரிமை இல்லாததை உரிமம் போட்டு எப்படித் தருவீர்கள்?

ஏற்கெனவே சொல்லாமல் அனுப்பியிருந்தால் வழி இருக்கிறது. மெர்ஜ் ஆகவில்லையென்றால் கமிட் செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். ஆகிவிட்டதென்றால் பழைய வரலாற்றில் கை வைக்க வேண்டாம். எந்தக் கமிட், எந்த ஃபங்ஷன் என்று பராமரிப்பாளருக்கு எழுதுங்கள். வைப்பதா, எடுப்பதா, மாற்றி எழுதுவதா என்று அவர் முடிவு செய்வார். கலந்துவிட்ட ஜிபிஎல் நிரலின் உரிமையாளரிடமிருந்து மீறல் அறிவிப்பு வந்துவிட்டாலும் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம்: ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்படி, அந்த உரிமையாளரிடமிருந்து முதல் முறை அறிவிப்பு பெறுபவர், அது கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.