நடந்தால் இறங்குது, எடை தூக்கினால் ஏறுது: சுகர் போடும் கணக்கு

அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து விரலில் குத்திப் பார்த்தால், 150 இருந்த சுகர் 110-க்கு வந்திருக்கிறது. அதே ஆள் மறுநாள் ஜிம்மில் மூச்சைப் பிடித்து எடை தூக்கிவிட்டுப் பார்த்தால் 190 காட்டுகிறது. குளுக்கோமீட்டர் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். இரண்டுமே நடக்கக்கூடியதுதான்.

வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாத டைப் 2 நோயாளிகளை மருத்துவர்கள் நடக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் தலைதெறிக்க ஓடும்போதும் பளு தூக்கும்போதும் அட்ரினலின் சுரக்கிறது. உடனே கல்லீரல் தன் சேமிப்பில் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. தசை செலவழிப்பதைவிட வரத்து அதிகமானால் சுகர் ஏறும்; பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். இதற்குப் பயந்து எடைப்பயிற்சியை நிறுத்துவது வீண். அவசரப்பட்டுக் கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்வதோ ஆபத்து.

உண்மையில் பயப்பட வேண்டியது சுகர் சட்டென்று இறங்குவதற்குத்தான். அந்தப் பயமும் எல்லோருக்கும் தேவையில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு நடைப்பயிற்சியால் அப்படி ஆவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். ‘நான் சாப்பிடுவது ஒரே மாத்திரைதானே’ என்று நினைப்பவர்கள் அட்டையைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். அந்த ஒன்றுக்குள்ளேயே மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கலாம்.

இந்த வகை மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் சுகர் பார்ப்பது நல்லது. 90-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். டைப் 1 உள்ளவர்களுக்கு 250-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் பரிசோதனை அவசியம். கீட்டோன் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். தொடையில் இன்சுலின் போட்ட கையோடு ஓடக் கிளம்பினால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும். அன்றைக்கு வயிற்றில் போட்டுக்கொள்ளலாம்.

நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, திடீரென்று அகோரப் பசி எடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். 70-க்குக் கீழே போனால் அது லோ சுகர். 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் இனிப்பு மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். இந்த நேரத்துக்கு அது உதவாது. பூங்கா வாசலில் விற்கும் அருகம்புல் சாறும் உதவாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை ஒன்றுதான் துப்புக் கொடுக்கும்.

பலர் கோட்டை விடுவது பயிற்சிக்குப் பிறகுதான். பயிற்சி முடிந்ததும் தசைகள், தீர்ந்துபோன இருப்பை நிரப்ப ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினும் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். இது 24 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடிவிட்டு, ‘இன்றைக்கு நன்றாக உழைத்துவிட்டோம்’ என்று இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, வழக்கமான இன்சுலினையும் போட்டுப் படுத்தால் நள்ளிரவில் சுகர் இறங்கிவிடலாம். தூக்கத்தில் அது தெரியாது. தலையணை வியர்வையில் நனைந்திருப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள். புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கும் நாட்களில் படுக்கும் முன் ஒருமுறையும், இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டினால்தான் இரவு டோஸைக் குறைக்க வேண்டுமா, எவ்வளவு என்று மருத்துவர் சொல்ல முடியும்.