சென்சார் பதில் தராவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும்

காரிமங்கலம் பகுதியில் மா, தக்காளிக்குச் சொட்டுநீர் பாய்ச்சத் தானியங்கி கருவி வாங்கும் விவசாயிகள், 'சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் கருவி என்ன செய்யும்?' என்று முதலில் கேளுங்கள்.

மண்ணின் ஈரப்பத அளவு ஒயர் வழியாகக் கருவிக்கு வருகிறது. எலி கடித்தால் தகவல் நின்றுவிடும். மோட்டார் ஒயரை ஒட்டிச் சென்றால் தகவல் சிதையும். கடைசியாக வந்த 'மண் காய்ந்துள்ளது' என்ற அளவையே கருவி நம்பினால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றிய பிறகும் ஓடினால் காயில் எரிந்துபோகும்.

செய்ய வேண்டியவை:

* ஒரு விநாடிக்குள் பதில் வராவிட்டால் மீண்டும் கேட்க வேண்டும். 3 முறையும் வராவிட்டால் மோட்டாரை நிறுத்தி, செல்போனுக்குத் தகவல் அனுப்பும்படி அமைக்கச் சொல்லுங்கள்.
* சென்சார் ஒயரை மோட்டார் ஒயரிலிருந்து தள்ளிப் பதியுங்கள்.
* மோட்டார் ஓடும்போது சென்சார் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். மோட்டார் தானாக நின்றால்தான் கருவியை நம்பலாம்.