பச்சைத் துளியைத் தேடி

"நின்னா சொட்டறதில்லைங்க. மலை ஏறுனாத்தான் குறையுதுங்க."

மேட்டுப்பாளையம் சாலைப் பட்டறைகளுக்குப் பழகிப்போன புகார் இது. கோவையில் ஒழுங்காக ஓடிய கார், கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன கியரில் ஏறத் தொடங்கியதும் சூட்டு முள் மேலே போகும். பர்லியாரில் ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் எங்கேயும் ஈரம் தெரியாது. கூலன்ட் டப்பாவில் மட்டும் அளவு இறங்கியிருக்கும். போன தண்ணீர் எங்கே?

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அது உருகாமல் காப்பது அதன் முதுகைத் தொட்டு ஓடும் நான்கைந்து லிட்டர் கூலன்ட்தான். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, மறுபடி மறுபடி திரும்பி வருகிறது.

இங்கே மலை குறுக்கிடுகிறது. 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 90 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக ஓடும். இடைவெளியே இல்லை. அதனால்தான் ரேடியேட்டர் மூடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடும்வரை அது வழிவிடாது. குக்கர் குண்டு செய்யும் அதே வேலை. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் 120 டிகிரி வரை ஏறும். கசிவுக்கு வழி திறப்பதும் அதே அழுத்தம்தான். குளிர்ந்த எஞ்சினில் மயிரிழை விரிசல் வாயைத் திறக்காது. மலையேற்றத்தில் உள்ளேயிருந்து தள்ளும்போது திறக்கும். வெளியே வந்த துளி சுடுகிற இரும்பில் விழுந்து நொடியில் ஆவியாகும். பார்க்கும்போது ஈரம் எப்படி இருக்கும்? கூலன்டின் நிறத்தில் ஒரு காய்ந்த பொருக்கு மட்டும் ஒட்டியிருக்கும். நல்ல மெக்கானிக் ஈரத்தைத் தேடுவதில்லை, அந்தப் பொருக்கைத்தான் தேடுகிறார்.

தேடும்போது கை முதலில் போகிற இடங்களில் ஒன்று வாட்டர் பம்பு. கொங்கு நாட்டுக்காரருக்குப் பம்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது; 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அதன் பிறகு இந்த ஊர் பம்புகளின் ஊராகவே ஆனது. கிணற்றுமேட்டில் பழைய பம்புசெட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: தண்டு சுழலும் இடத்தில் கிளாண்டு கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டை அடியோடு நிறுத்தினால் கயிறு கருகிவிடும்.

காரின் வாட்டர் பம்பிலும் இதே சிக்கல்தான். சுழலும் தண்டு உள்ளேயும் இருக்க வேண்டும், வெளியேயும் இருக்க வேண்டும்; தண்ணீர் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். இங்கே கயிற்றுக்குப் பதில் கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு வளையங்கள்; ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அதன்மேல் உரசிச் சுழல்கிறது. நடுவே தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கூலன்ட் படலம். வளையம் தேய்ந்தால் கசிவு பேரிங்கைக் கெடுக்காமல் வெளியே வரட்டும் என்று, பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அதைப் பசை வைத்து அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. பழுதைச் சொல்வதற்கென்றே வைத்த வாய் அது.

பொருக்கும் காணவில்லை என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போதே மலையேற்றத்தைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடிக்குப் பதில் முள் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்த அழுத்தம் வரை காற்றை ஏற்றுவார்கள். சூடு இல்லாததால் துளி ஆவியாகாது. ஹோஸ் முனையிலோ, ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பிலோ முத்தாக நிற்கும். கண்ணுக்கு எட்டாத சந்து என்றால் கூலன்டில் ஒளிரும் சாயம் கலந்து ஓட்டி, நீல விளக்கை அடிப்பார்கள். கசிந்த தடம் பச்சையாக ஒளிரும்.

பழைய பச்சைக் கூலன்ட்கள் பலவற்றில் இருக்கும் ஃபுளோரசீன் அப்படி ஒரு சாயம். 1871-ல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை உருவாக்கினார். ஆறே ஆண்டுகளில் அது ஒரு நதியின் ரகசியத்தை உடைத்தது. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுத் தண்ணீர் ஓரிடத்தில் மண்ணுக்குள் மறைந்துகொண்டிருந்தது. 1877-ல் அங்கே 10 கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நிலத்தடியில் கசிந்து ரைன் நதிக்குப் போய்க்கொண்டிருந்தது! இன்று கண் மருத்துவமனைகளிலும் இதே சாயம்தான். சர்க்கரை நோயாளியின் கை நரம்பில் செலுத்தினால் சில நொடிகளில் விழித்திரைக்கு வந்துவிடும். நீல ஒளியில் படமெடுத்தால், எந்த நுண்குழாய் கசிகிறது என்று ஒளிர்ந்தே காட்டிவிடும். ஆறு, கண், கார் மூன்றுக்கும் ஒரே பச்சை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

சாயமும் வெளியே வராமல் கைப்பம்பின் முள் மட்டும் இறங்குகிறது என்றால் கசிவு உள்ளே. பெரும்பாலும் எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்தான். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் கூழ், சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப்புகை. உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தினூடே இழுப்பார்கள். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த நிறமாற்றம்தான்.

ஹோஸ், கிளிப்பு என்றால் அரை மணி வேலை. பம்பு என்றால் அரை நாள். ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் செலவு பெரிது. அதைத் தள்ளிப்போட்டு ஓட்டினால் எஞ்சினே போகும். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவார்கள். மஞ்சளிலுள்ள மாவுச்சத்து சுடுதண்ணீரில் ஊறி உப்பி ஓட்டையை அடைக்கும். ஊர் போய்ச் சேர உதவிய கைவைத்தியம். குறுகிய குழாய்கள் கொண்ட இன்றைய ரேடியேட்டரில் போட்டால் ஓட்டையோடு வழியும் அடைபடும்.

போர் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. வெந்நீர் அண்டாவின் உள்ளே படியும் வெள்ளைப் பொருக்கு எஞ்சினுக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் உப்பு நீக்கிய தண்ணீருக்கு ஈடாகாது. இன்னொன்று: சூட்டில் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தம் விலகிய நொடியில் 110 டிகிரித் தண்ணீர் பொங்கி ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

புதுக் கூலன்ட் ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். குமிழ் நின்றதும் மூடிவிடலாம். பிறகு ஒருமுறை குன்னூர் வரை ஏறி இறங்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் டப்பாவைப் பாருங்கள். நேற்றுப் பேனாவால் போட்ட கோட்டில் பச்சை அப்படியே நிற்க வேண்டும்.