முதல் தலித் முதல்வரை நாம் அறிவோமா?

தீபாவளி நெருங்கினால் மில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் போனஸ் பேச்சு தொடங்கிவிடும். லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் குறைந்தபட்ச போனஸைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற சட்டம் 1965-ல் வந்தது. அப்போது மத்திய தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்தவர் தாமோதரம் சஞ்சீவய்யா. இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதல்வரான முதல் தலித்தும் அவர்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை ஒரு வரி விடையாக மனப்பாடம் செய்திருக்கலாம். அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடக் கூடாத வாழ்க்கை அவருடையது.

கர்நூல் மாவட்டம் பெத்தபாடு கிராமத்தில், மாலா சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் 1921 பிப்ரவரி 14 அன்று பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வறுமையோடு போராடிப் படித்தவர், சென்னை சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1950-ல் இடைக்கால நாடாளுமன்ற உறுப்பினர். 1952-ல் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர். ஆந்திரா பிரியாத அன்றைய சென்னை மாகாணத்தில், நமது புனித ஜார்ஜ் கோட்டையில்தான் அவரது ஆட்சிப் பணி தொடங்கியது. ஆந்திரா பிரிந்த பிறகு அங்கும் அமைச்சரானார்.

1960-ல் ஆந்திர முதல்வர் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸ் கட்சியின் அகில இந்தியத் தலைவராகி டெல்லிக்குப் போனார். காலியான நாற்காலிக்குப் பெரிய சாதிகளின் கோஷ்டிகள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், ஜனவரி 11 அன்று சஞ்சீவய்யா முதல்வரானார். அப்போது அவருக்கு வயது 38.

கிடைத்தது இரண்டே ஆண்டும் இரண்டு மாதமும். அதற்குள் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கினார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைப் பிடிக்க 1961-ல் ஊழல் தடுப்புப் பிரிவை உருவாக்கினார். அவர் முதல்வராக இருந்தபோதே 1962 தேர்தல் வந்தது. கட்சி வெற்றி பெற்றது. ஆனால் வென்ற முதல்வர் தொடரவில்லை. சஞ்சீவ ரெட்டி டெல்லியிலிருந்து திரும்பி வந்து மார்ச் மாதம் மீண்டும் முதல்வரானார். அவர் வகித்த கட்சித் தலைவர் பதவி சஞ்சீவய்யாவுக்குத் தரப்பட்டது.

காங்கிரஸின் முதல் தலித் தலைவர் என்ற பெருமை அதனால் வந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். நிலம், காவல் நிலையம், தாலுகா அலுவலகம் ஆகியவற்றின் மீது நேரடி அதிகாரம் உள்ள நாற்காலி நிலவுடைமைச் சாதிக்கே திரும்பிப் போனது. பெத்தபாட்டுப் பிள்ளைக்கு டெல்லி கிடைத்தது, ஐதராபாத் கைவிட்டுப் போனது.

டெல்லியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1964 முதல் சாஸ்திரி அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறையைக் கவனித்தார். அப்போது வந்ததுதான் போனஸ் சட்டம். ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 4 சதவீதம் என்று தொடங்கியது, பின்னர் 8.33 சதவீதமானது. முதலாளி மனமிரங்கிக் கொடுத்த இனாம் தொழிலாளியின் உரிமையானது. ஆனால் ஆலைகளுக்கும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. சேற்றில் இறங்கி நாற்று நடும் நம் பெண்களுக்கு அது இன்றுவரை எட்டவில்லை.

1971-ல் மீண்டும் கட்சித் தலைவரான சஞ்சீவய்யா, 1972 மே மாதம் 51 வயதில் காலமானார். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பிறகு ஆந்திராவிலோ தெலங்கானாவிலோ ஒரு தலித்கூட முதல்வராகவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முறைகூட நடக்கவில்லை. பிற மாநிலங்களில் முதல்வரான தலித்துகளில் பெரும்பாலோர் சில மாதங்களில், அதிகம் போனால் இரண்டாண்டுக்குள் இறக்கப்பட்டவர்கள். ஐந்தாண்டும் முழுதாக ஆண்டவர் மாயாவதி. 2007-ல் அவர் வந்தது சொந்தக் கட்சியின் பெரும்பான்மையோடு. யாரும் கொடுத்த நாற்காலி அல்ல அது.

இது டெல்லிக்கும் ஐதராபாத்துக்கும் மட்டும் உரிய கதையா? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும், 1996 முதல் 2006 வரை ஒரு தலித் தலைவரை உட்கார விடவில்லை. மனுப் போட ஆளில்லை, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்தார். இன்றும் பல ஊர்களில் தலைவர் பெயர் பலகையில் இருக்கிறது, முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கிறார்.

தம்பி தங்கைகளே, நம்மவர் ஒருவர் பதவிக்கு வரும்போது மாலை போடுங்கள், மகிழுங்கள். அதோடு இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அந்தப் பதவியைக் கொடுத்தது யார்? நாளை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரால் முடியும்? அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போய், தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்து, அதில் இருக்கும் கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது என்று பாருங்கள்.