மாயாவிக்குச் சூடு தெரியுமா?

உங்க வீட்டுப் பரணுக்குக் கடைசியா எப்போ ஏறினீங்க? ஏறாதவங்க உடனே ஏறுங்க. போன போகிக்கு நூம்பல்ல எங்க வீட்டுப் பரணைக் காலி பண்ணும்போது ஒரு தகரப் பெட்டி சிக்கியது. மேலே கல்யாணப் பத்திரிகைக் கட்டு, நடுவில் கைப்பிடி உடைந்த செம்பு, அடியில்... கரையான் தின்றது போக மிச்சமிருந்த பதினோரு முத்து காமிக்ஸ்! எல்லாம் எங்க பெரியப்பாவுடையது. போகி நெருப்புக்குப் போக வேண்டியதை அப்படியே அள்ளிட்டு ஓடி வந்துட்டேன்.

மார்வெல் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் போடுற பார்ட்டியா நீங்க? உங்க அப்பாவிடம் ‘இரும்புக்கை மாயாவி’ என்று சொல்லிட்டு அவர் முகத்தைப் பாருங்க. பத்து வயசு குறையும்! சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே அதுதான், 1972ல். அவர் மகன் விஜயன் 1984ல் லயன் காமிக்ஸ் ஆரம்பித்தார். கொஞ்ச காலம் தடுமாறி, 2012ல் ‘கம்பேக் ஸ்பெஷ’லோடு திரும்பி வந்தார்கள். சென்னை புத்தகக் காட்சியில் அவங்க ஸ்டாலில் நரைத்த தலைகள் சின்னப் பசங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கும். நானே இடி வாங்கியிருக்கிறேன்.

மாயாவி நம்ம ஊர் ஆளில்லை. 1962ல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளர் ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக் கை மாட்டிக்கொள்கிறார். கரண்ட் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் கெட்டவராகத் திரிந்தவர், அப்புறம் திருந்தி நிழற்படையில் உளவாளி. விரல் துப்பாக்கி ஆகும், கைக்குள்ளேயே ரேடியோ இருக்கும். லாஜிக்கா? அதையெல்லாம் கேட்கக் கூடாது!

ஆனா ஒண்ணு. நான் படிப்பது ஈ.சி.ஈ. மூணாம் வருஷம். எங்க குரூப்பின் மினி ப்ராஜெக்ட்டே ஒரு செயற்கைக் கைதான். அட்டை, தூண்டில் நரம்பு, அஞ்சு சின்ன மோட்டார். பேப்பர் கப்பை நசுக்காமல் பிடிக்க வைக்கவே மூணு வாரம் ஆச்சு. பிளாஸ்கோவின் படத்திலோ ஒவ்வொரு விரலும் தனித்தனியா, கணு கணுவா மடங்குது! ஐந்து விரலுக்கும் தனி மோட்டார் வைத்த ‘ஐ-லிம்ப்’ கை ஸ்காட்லாந்தில் விற்பனைக்கு வந்தது 2007ல்தான். அதுக்கு 45 வருஷம் முன்னாடியே வரைஞ்சிருக்காரே, மனுஷன் தீர்க்கதரிசி என்று கேன்டீன் முழுக்க டமாரம் அடித்தேன்.

அப்புறம்தான் நூலகத்தில் மூக்குடைந்தது. தசை அசைவில் வரும் மின் சிக்னலை வைத்து இயங்கும் கையை மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கி குழுவினர் 1960 வாக்கிலேயே செய்துவிட்டார்கள். தனித்தனி விரல் கிடையாது, சும்மா மூடித் திறக்கும், அவ்வளவே. ஆனாலும் மாயாவி பிறக்கும் முன்பே கரண்டில் இயங்கும் கை பூமியில் இருந்திருக்கிறது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். டிக் டிரேசி என்ற துப்பறிவாளர் 1946லேயே கைக்கடிகாரத்தில் பேசினார். ‘ஸ்மார்ட் வாட்சை அப்பவே சொன்னாரு’ என்று இன்றும் புல்லரிக்கிறார்கள். ஆனால், வரைந்த செஸ்டர் கோல்டு அந்த ஐடியாவைப் பிடித்ததே அல் கிராஸ் என்ற வாக்கி-டாக்கி கண்டுபிடிப்பாளரின் பட்டறையில்தான். 1973ல் முதல் கைப்பேசியில் பேசிய மார்ட்டின் கூப்பர், தனக்குப் பொறி தட்டியது டிக் டிரேசியால் என்கிறார். பட்டறையிலிருந்து பக்கத்துக்கு, பக்கத்திலிருந்து திரும்பப் பட்டறைக்கு. இதில் ஜோசியம் எங்கே இருக்கு, சொல்லுங்க?

இதைப் பெருமையாகப் பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். அவரைப் பற்றிச் சொல்லணும். சின்ன வயசில் பூந்தமல்லி பழைய பேப்பர் கடைக்கு சைக்கிள் மிதித்துப் போய் இந்தப் புத்தகங்களைச் சேர்த்தவர். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர். 1997ல் ஒரு நைட் ஷிப்ட். கால் பெடலை மிதித்துவிட்டது, கை வெளியே வருவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். ரப்பர் விரல் வைத்த கையுறை ஒன்று கொடுத்தார்கள். அது இன்னமும் பீரோவில்தான் கிடக்கிறது. இப்போ ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இடது கையால் அவர் எழுதும் பில் என் கையெழுத்தைவிட அழகு.

காமிக்ஸைப் புரட்டியபடி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அப்புறம் ஒரு பக்கத்தை நீட்டினார். ஆள் இல்லை, கை மட்டும் தெரியும் படம். “நீ சொல்ற மோட்டார் கீட்டாரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா இந்தப் படம் நெசம். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லாரும் என் கையத்தான் பாத்தாங்க. நான் யாருக்கும் தெரியலை.”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பேச்சை மாற்ற, எங்க ப்ராஜெக்ட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை பாஸ், முழங்கைக்குக் கீழே இருக்கு. விரல் போனாலும் அது போகாது. அவர் முன்கையில் மூணு எலக்ட்ரோடு ஒட்டிவிட்டு, “இல்லாத விரலை மடக்குங்க பெரியப்பா” என்றேன். ஏதோ விளையாட்டு என்று சிரித்தபடி மடக்கினார். லேப்டாப்பில் கோடு துள்ளியது. மேஜையில் அட்டைக் கை டக்கென்று மூடிக்கொண்டது.

சிரிப்பு நின்றுவிட்டது. திரும்ப மடக்கினார். திறந்தார். மடக்கினார். பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இப்படி ஒரு பதினைந்து தடவை. ஒரு மோட்டார் சூடாகி நின்றதும்தான் விட்டார்.

அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: “மாயாவிக்குச் சூடு தெரியுமா? டீ டம்ளரைப் பிடிச்சா கை சுடுமா?”

மாயாவிக்குத் தெரியாது. எங்க அட்டைக் கைக்கும் தெரியாது. பல லட்சம் கொடுத்து வாங்கும் இறக்குமதிக் கைகளிலேயே தொடு உணர்வு இன்னும் பெரிய தலைவலிதான். 2013ல் டென்மார்க்காரர் ஒருவருக்கு மேல்கை நரம்பில் மின்முனைகளை வைத்து சோதித்தபோது, கண்ணைக் கட்டிய நிலையிலும் பொருள் மெத்தென்று இருக்கா, கெட்டியா இருக்கா என்று சொல்லியிருக்கிறார். அது தற்காலிகச் சோதனைதான்.

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ஆறு வாரம். கட்டைவிரல் நுனியில் ஒரு சூடு சென்சார், அது சுட்டால் பெரியப்பாவின் தோளில் அதிர ஒரு செல்போன் வைப்ரேட்டர்... இதுதான் இப்போதைய பிளான். கைடு “சிலபஸ்ல இல்லையே” என்கிறார். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை டெஸ்டுக்கு டம்ளரோடு வர்றேன் என்று சொல்லிவிட்டார்.

பதினோரு புத்தகத்தையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். ஒண்ணு மட்டும் இரவல் தந்திருக்கிறார், அட்டை போட்டுத்தான் படிக்கணுமாம்.