மஞ்சள் மலையின் பைன் மரங்கள்

கிழக்குச் சீனாவில், அன்ஹுயி மாகாணத்தின் தென்பகுதியில் ஹுவாங்ஷான் மலைத்தொடர் அமைந்துள்ளது. 'மஞ்சள் மலை' என்பது இதன் பொருள். பாறையின் நிறத்தால் எழுந்த பெயரன்று இது. தொல்கதைகளில் வரும் மஞ்சள் பேரரசரின் நினைவாகக் கி. பி. 747-ல் தாங் வமிசத்து அரசர் இட்ட பெயராகும். இங்குள்ள சிகரங்களுள் மிக உயர்ந்ததான தாமரைச் சிகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,864 மீட்டர் உயரமுள்ளது.

ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் உட்பகுதியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பு நிலத்துக்கடியிலேயே மெல்ல ஆறிக் கருங்கல்லாக இறுகிற்று. பின்னர் நிலம் உயர்ந்து, மேலே மூடியிருந்த படிவுகள் அரிக்கப்பட, கருங்கல் வெளிப்பட்டது. அதன் செங்குத்தான வெடிப்புக்களில் நீர் புகுந்து பாறையைப் பிளந்தமையால் தூண்கள் போன்ற சிகரங்கள் தோன்றின. ஈரக்காற்று சரிவுகளில் ஏறிக் குளிரும்போது பள்ளத்தாக்குக்கள் மேகத்தால் நிரம்புகின்றன. அப்போது உச்சியிலிருந்து நோக்குவோர்க்கு மேகம் கடலாகவும் சிகரங்கள் தீவுகளாகவும் காட்சியளிக்கும்.

மண்ணே இல்லாத இப்பாறைகளில் ஹுவாங்ஷான் பைன் வளர்வது வியப்புக்குரியது. வெடிப்பில் விழுந்த விதை முளைத்ததும், வேர்கள் கசியும் அமிலங்கள் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மரத்துக்கு வேண்டிய உப்புக்களை விடுவிக்கின்றன. மேகமும் மழையும் ஈரத்தை அளிக்கின்றன. தடித்த ஊசியிலைகள் நீர் வீணாவதைக் குறைக்கின்றன. ஓயாத காற்றினால் உச்சி தட்டையாகிக் கிளைகள் ஒருபுறமாக நீள்கின்றன. விருந்தினரை வரவேற்பதுபோல் கிளை நீட்டி நிற்கும் முதுமரம் ஒன்றுக்குத் தனிக் காவலரே உண்டு.

கல்லையும் காற்றையும் வென்ற இம்மரத்தை, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நூற்புழு ஒன்று சில மாதங்களில் கொன்றுவிடக்கூடும். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புழு, சீனாவில் 1982-ல் நான்கிங் நகரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நீண்ட உணர்கொம்புகளையுடைய வண்டுகள் இளந்தளிரைக் கடிக்கையில் இது மரத்தினுள் புகுந்து பெருகுகின்றது. நீரோட்டம் தடைப்பட, இலைகள் பழுத்து மரம் வாடுகின்றது. புழுவுற்ற மரக்கட்டைகளும் பொதிப்பெட்டிகளும் அதனைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன.

வண்டுகள் அணுகாதிருக்க, மலையைச் சுற்றிலும் பைன் மரங்களை வெட்டி அகற்றி, அகன்ற வளையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. மலையைக் காக்க அடிவாரத்துப் பைன்களை இழக்க நேர்ந்தது. தொற்றிய பின் மரத்தைக் குணப்படுத்துதல் அரிதாகையால், பழுத்த மரத்தை உடனே கண்டு அகற்றும் களப் பணியாளரின் விழிப்பே இன்றும் தலையாய காப்பாகும்.